மூன்றாண்டு கழித்து வர வேண்டிய பிள்ளை

"சிறுமியின் மூளையில் சிக்கலான அறுவை சிகிச்சை: டாக்டர்கள் சாதனை." இப்படியொரு செய்தியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. படத்தின் நடுவில் மொட்டைத் தலையோடு பிள்ளை, சுற்றிலும் பச்சை உடையில் மருத்துவர்கள், ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் தாய். டீன் பேட்டி கொடுத்திருப்பார். தனியாரில் செய்திருந்தால் எத்தனை லட்சம் ஆகியிருக்கும் என்பது கடைசிப் பத்தியில் வந்துவிடும். செய்தி பொய்யில்லை, அந்த மருத்துவர்களின் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்ததா, மறுபடி ஆஞ்சியோ எடுத்தார்களா, பள்ளியில் எப்படிப் படிக்கிறது என்று விசாரித்துக்கொண்டு எந்த நிருபரும் போவதில்லை. மூளை ரத்தக்குழாய்ப் பின்னல் நோயைப் பொறுத்தவரை பாதிச் செய்தி அங்கேதான் கிடக்கிறது.

மருத்துவர்கள் இதை ஏவிஎம் என்று மூன்றெழுத்தில் சொல்லி முடித்துக்கொள்வார்கள். இதயத்திலிருந்து தமனி வழியாக அழுத்தத்தோடு கிளம்பும் ரத்தம், முடியைவிட மெல்லிய தந்துகிகளுக்குள் புகுந்து வேகம் தணிந்த பிறகுதான் சிரைக்குள் இறங்க வேண்டும். அணைத் தண்ணீர் மதகில் அடங்கி வாய்க்காலுக்கு வருகிற மாதிரி. ஏவிஎம்மில் அந்த மதகு இல்லை. தமனியும் சிரையும் நேருக்கு நேர் பின்னிக் கொத்தாகிக் கிடக்கும். சிரையின் சுவரோ மெல்லியது. தனக்கு உரியதல்லாத அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிவிட்டு ஒரு நாள் உடைந்துவிடுகிறது. விபத்தோ அடியோ இல்லாமல் பிள்ளைகளின் மூளைக்குள் ரத்தம் கசிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணம் இதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் இருப்பதே கசிந்த பிறகுதான் தெரியவரும். பக்கவாதம் தாத்தாவுக்கு வருகிற நோய் என்று நினைத்திருக்கும் வீட்டில், ஏழு வயதுப் பேரனுக்கும் அது வரலாம் என்ற எண்ணமே எழாது.

அப்படி வந்துவிட்டால் பிள்ளையை எங்கே கொண்டுபோவது? சென்னை திருவல்லிக்கேணி பெரிய தெருவில் நின்று கணக்குப் போட்டால், நாலைந்து கிலோமீட்டருக்குள் இத்தனை அரசு மருத்துவமனைகளா என்று வியப்பாக இருக்கும். சேப்பாக்கம் பக்கம் கஸ்தூர்பா காந்தி தாய் சேய் மருத்துவமனை. 1885-ல் மேரி ஷார்லீப் தொடங்கியது. பழைய ஆட்களுக்கு இன்றைக்கும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். வாலாஜா சாலைப் பக்கம் போனால் ஓமந்தூரார் தோட்டத்தில், சட்டமன்றத்துக்கென்று கட்டி 2014-ல் மருத்துவமனையாக மாறிய பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை. இன்னொரு பக்கம் ராயப்பேட்டை. சென்ட்ரலுக்கு எதிரே 'ஜி.எச்.' என்றே ஊர் அழைக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. எழும்பூர் ஹால்ஸ் சாலையில் குழந்தைகள் நல மருத்துவமனை. தமிழ்நாட்டில் வேறெந்தப் பேட்டைக்கும் எளிதில் வாய்க்காத அருகாமை இது.

ஆகவே தூரத்தைக் குறை சொல்ல இங்கே வழியில்லை. சிக்கல் தெருவிலேயே தொடங்கிவிடுகிறது.

மதியம் மூன்று மணிக்கு ஒரு பையன் "தலை வலிக்குது மிஸ்" என்று மேசையில் சாய்கிறான். வாந்தி எடுக்கிறான். வெயிலாக இருக்கும், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டான், பித்தமாக இருக்கும், சந்தில் ஆடும்போது பந்து பட்டிருக்கும் என்று காரணங்கள் வரிசையாக வரும். பத்தில் ஒன்பது முறை இவற்றில் ஒன்று சரியாகவும் இருக்கும், தொல்லையே அதுதான். எல்லாத் தலைவலிக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இடி விழுந்த மாதிரி திடீரென்று தொடங்கும் தலைவலி, அதோடு வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, எழுப்பினாலும் எழாத தூக்கம், காய்ச்சல் இல்லாமல் முதல்முறையாக வரும் வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் வரிசையில் உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் படித்த வீடுகளிலும் இருக்கிறது. இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அதுவே மருத்துவருக்குப் பெரிய உதவி.

அவசரச் சிகிச்சையில் தமிழ்நாடு நல்ல பெயர் வாங்கிய மாநிலம். 108 ஆம்புலன்ஸ் 2008-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அடிபட்டவர் யார், எந்த ஊர், கையில் அட்டை இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்று என்கிற நியாயம் அதில் இருக்கிறது. தலைக்குள் தானாக ரத்தக்குழாய் உடைந்த பிள்ளைக்கும் அதே 48 மணி நேரம் அதே அளவு முக்கியம். வெளியில் காயம் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மருத்துவமனைக்குப் போன பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சி.டி. ஸ்கேனில் கசிவு தெரியும். தலைக்குள் அழுத்தம் ஏறினால் உடனே திறந்து உறைந்த ரத்தத்தை வெளியேற்றுவார்கள். எங்கே உடைந்தது என்று பார்க்கத் தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். பின்னல் தெரிந்தாலும் அன்றைக்கே அதன்மேல் கை வைப்பது பல நேரங்களில் உசிதமல்ல. மூளை வீங்கியிருக்கும், உறைந்த ரத்தம் பின்னலின் ஒரு பகுதியை அமுக்கி மறைத்திருக்கும். நிலைமை அனுமதித்தால் சில வாரங்கள் பொறுத்து, வீக்கம் வடிந்ததும் மறுபடி படம் எடுத்து, அப்புறம்தான் முழுச் சிகிச்சை.

அந்தச் சில வாரங்களில்தான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். கண் விழித்துவிட்டான், இட்லி சாப்பிடுகிறான், கை காலும் ஆடுகிறது. "இன்னொரு தடவை வந்து ஆஞ்சியோ எடுக்கணும்மா" என்று மருத்துவர் சொல்ல, "அதான் நல்லாயிட்டானே சார்" என்று தாய் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறு என்ன? ராமநாதபுரத்திலிருந்து வந்து, இரவெல்லாம் வார்டு வாசலில் துண்டை விரித்துப் படுத்து, கணவருக்கு ஒரு மாதக் கூலி போய், ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளும் குடும்பம் அது. உடைந்த இடம் மூடிக்கொண்டது, ஆனால் பின்னல் அப்படியே இருக்கிறது, ஒருமுறை கசிந்தது மறுபடி கசியும் ஆபத்து அடுத்த சில மாதங்களில்தான் அதிகம் என்பதை அந்தத் தாயிடம் உட்கார்ந்து சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த நோயில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கணக்கு வேறு. உடையாத பின்னலைத் தொடலாமா, விட்டுவிடலாமா என்ற சண்டை உலக அளவில் நடந்தது. அதில் 'அரூபா' என்ற ஆய்வின் முடிவு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. ஒன்பது நாடுகளில் 226 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள்: மருந்தோடு கவனித்துவருவது ஓர் அணி, தலையிட்டுச் சரிசெய்வது இன்னோர் அணி. சராசரியாக 33 மாதங்கள் கவனித்ததில், முதல் அணியில் 10.1 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இரண்டாவது அணியில் அது 30.7 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 'தொடாமல் விடு' என்ற கட்சிக்கு அது பெரிய ஆயுதமாகிவிட்டது. ஆனால் அந்த 226 பேரில் ஒருவர்கூட 18 வயதுக்குக் கீழ் இல்லை. ஏற்கெனவே கசிந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை.

ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை கசிவு ஆபத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அறுபது வயதுக்காரர் இதைக் கேட்டு, "இருக்கிற வரைக்கும் பார்ப்போம்" என்று எழுந்து போகலாம், அதில் நியாயமும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதே 3 சதவீதத்தை எழுபது வயது வரை ஆண்டுக்காண்டு பெருக்கிப் பார்த்தால், வாழ்நாளில் ஒருமுறையாவது கசியும் வாய்ப்பு ஏறக்குறைய 85 சதவீதம். 2 சதவீதம் என்று இறக்கிப் போட்டாலும் 70-க்குக் கீழே வராது. பெரியவர்களுக்கான ஆய்வை நீட்டி "விட்டுப் பிடிக்கலாம்" என்று ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் சொல்பவர், இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். சில பின்னல்களைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம் என்பதும் உண்மைதான். பேச்சு, பார்வை, கை கால் அசைவு ஆகியவற்றின் மையங்களுக்குள் ஆழமாகப் புதைந்த, ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிய பின்னலை அறுக்கப் போனால், நோய் செய்யாத சேதத்தைக் கத்தி செய்துவிடும். அளவு, இடம், ரத்தம் வடியும் திசை என்ற மூன்றையும் வைத்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கும் முறையை ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் 1986-ல் வகுத்தார்கள். இன்றும் உலகம் அதைத்தான் பயன்படுத்துகிறது.

கையில் இருக்கும் ஆயுதங்கள் மூன்று. முதலாவது கத்தி. சிறிய, மேலாக இருக்கும் பின்னலை நுண்ணோக்கியின் கீழ் முழுதாக எடுத்துவிட்டால் அன்றைக்கே ஆபத்து தீர்ந்தது. பிள்ளை விஷயத்தில் ரத்த இழப்பு பெரிய கவலை: இருபது கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர்தான். பெரியவருக்கு ஒரு பொருட்டாகாத 300 மில்லி அங்கே ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாவது, குழாய் வழியாகப் போய்ப் பசை போன்ற பொருளைச் செலுத்திப் பின்னலை அடைப்பது. இது தனியாகவே நோயைத் தீர்ப்பது குறைவு. பெரும்பாலும் அறுவைக்கு முன்னால் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் துணை வேலை. மூன்றாவது, கதிர்வீச்சை ஊசிமுனை போலக் குவித்துச் செலுத்துவது. மண்டையைத் திறக்க வேண்டாம், ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பெற்றோருக்கு இதுதான் பிடிக்கும், பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் கதிர் பட்ட பின்னல் மெல்ல மெல்லச் சுருங்கி மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை கசிவு ஆபத்து அப்படியே தொடரும். மூடியதா இல்லையா என்பது படம் எடுத்தால்தான் தெரியும். வளரும் மூளைக்குக் கதிர்வீச்சின் பின்விளைவு பல ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம்.

கத்தி வைத்திருப்பவருக்குக் கத்தியே வழியாகத் தெரிவதும், கதிர்க்கருவி வாங்கியவருக்குக் கதிரே வழியாகத் தெரிவதும் மனித இயல்பு. அதனால்தான் மூன்று துறைக்காரர்களும் குழந்தை நரம்பியல் மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் அது அந்தந்தச் சுவருக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு மருத்துவமனையில் அறுவை வசதி இருக்கும், இன்னொன்றில் குழாய்ச் சிகிச்சை நிபுணர் இருப்பார், கதிர்க்கருவி மூன்றாவது இடத்தில். சிடியையும் ஃபைலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இந்த மூன்றுக்கும் நடுவே அலைவது பிள்ளையின் தகப்பன்.

இத்தனைக்கும் இந்திய மூளை அறுவை மருத்துவம் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி தனிப் பிரிவு தொடங்கினார். 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கிய நால்வரில் இவர்கள் இருவரும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர் டி.எஸ். கனகா, இந்த ராமமூர்த்தியிடம் பயின்று, அதே பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். பின்னலைக் கதிரால் அடைக்கும் முறை 1970-ல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. 1990-களில் வேலூரில் குவிகதிர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. 1997-ல் மும்பை இந்துஜாவுக்கும் டெல்லி எய்ம்ஸுக்கும் காமா நைஃப் வந்தது. 2009-ல் சென்னை அப்போலோவுக்கு சைபர்நைஃப் வந்தது. கருவிக்கும் திறமைக்கும் பஞ்சமில்லை. அவற்றை ஒரு பிள்ளைக்காக ஓரிடத்தில் கூட்டுகிற ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம்.

இனி காசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் தொடங்கியது. அதற்கு முன்னோடி 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைகள் பலருக்குத் தலையைத் திறந்திருக்கவே மாட்டார்கள். அதை மறந்து குறை பேசுவது நன்றிகெட்டதனம். ஆனாலும் திட்டத்தின் கட்டுமானத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அதன் அடிப்படை அலகு ஒரு சிகிச்சை, ஓர் ஆண்டு. குடல்வாலுக்கும் இதய வால்வுக்கும் அது பொருந்தும். ஏவிஎம் பிள்ளைக்கு இந்த ஆண்டு அடைப்பு, ஆறு மாதம் கழித்து அறுவை, மிச்சம் இருந்தால் கதிர், மூன்றாவது ஆண்டில் ஆஞ்சியோ, அப்புறமும் அவ்வப்போது எம்.ஆர்.ஐ. இடையில் நிறுத்தக் கூடாத வலிப்பு மாத்திரை வேறு. தொடர் சிகிச்சைக்கென்று தொகுப்புகள் சில இருக்கத்தான் செய்கின்றன. பத்து ஆண்டு நீளும் ஒரே நோயை ஒரே கணக்காகப் பார்க்கும் தொகுப்புதான் தேவை.

பத்து ஆண்டு என்பது மிகையில்லை. முழுதாக எடுத்தாயிற்று, ஆஞ்சியோவும் சுத்தம் என்று சான்று கொடுத்து அனுப்பிய பிள்ளைகளில் சிலருக்குப் பல ஆண்டு கழித்துப் பின்னல் மறுபடி முளைத்திருக்கிறது. பெரியவர்களிடம் இது மிக அரிது. பிள்ளையின் ரத்தக்குழாய்கள் வளர்ந்துகொண்டிருப்பவை என்பதால் முடிவுரை எழுத அவசரப்படக் கூடாது என்பது உலகெங்கும் குழந்தை நரம்பியல்காரர்கள் படித்த பாடம். பதினெட்டு வயது வரையாவது பார்த்துக்கொண்டிருங்கள் என்கிறார்கள். இங்கோ அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் எல்லை பொதுவாக 12 வயது. பத்து வயதில் எழும்பூரில் தொடங்கிய ஃபைல், பதின்மூன்றாம் வயதில் வேறு வாசலில், வேறு மருத்துவரிடம், வேறு எண்ணில் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய ஃபைல் வீட்டுப் பரணில் இருக்கும். கரையான் அரிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

இதற்கு விடையாக ஒரு பெரிய கட்டடமோ புதுக் கருவியோ கேட்கத் தேவையில்லை. ஒரு பதிவேடு போதும். மேலை நாட்டு ஆய்வுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் என்ற விகிதத்தில் ஏவிஎம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. இங்கும் அதுதான் என்று வைத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பின் ஏழு கோடியே இருபது லட்சம் மக்கள்தொகைக்கு ஆண்டுக்கு 700 பேருக்குச் சற்று மேல். அதில் பிள்ளைகள் சிறு பங்குதான். ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம். சமாளிக்க ஒரு கணினி, பொறுப்பான இரண்டு ஊழியர்கள், ஒரு தொலைபேசி போதும். "டெங்கு, ரத்தசோகை என்று லட்சக்கணக்கில் பிள்ளைகள் இருக்கும்போது நூறு பேருக்காகவா?" என்று நிதித்துறையில் யாராவது கேட்பார்கள். நூறு பேர்தான் என்பதாலேயே இது முடிகிற காரியம். மேலும், முதல் கட்டத்துக்கு அரசு ஏற்கெனவே லட்சங்களைச் செலவழித்துவிடுகிறது. கடைசி ஆஞ்சியோவுக்குப் பிள்ளை வராமல் போனால், செலவழித்த பணம் பலித்ததா என்றுகூடத் தெரியாமல் போகிறது.

இதைச் செய்யத் தெரியாத அரசும் அல்ல இது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி வழங்க மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியலை 2008 முதல் நடத்திவரும் மாநிலம். அரசும் தனியாரும் அதே பட்டியலுக்குக் கட்டுப்படுகிறார்கள். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி எண் கொடுத்து, அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்ற நிலையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே போய் நீரிழிவு மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. அந்த மாத்திரைப் பையில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் முகவரியைச் சேர்த்தால் எடை கூடிவிடாது. "அடுத்த மாதம் ஆஞ்சியோ, பஸ் சீட்டு அனுப்பியிருக்கிறோம்" என்று ஒரு செவிலியர் கதவைத் தட்டினால் அந்த ராமநாதபுரம் தாய் வராமல் இருக்க மாட்டார்.

வராமல் போவதற்குப் பயணச் செலவு மட்டும் காரணமல்ல. பழியும் ஒரு காரணம். "கிரகணத்துல வெளிய போனியா?" "மாசமா இருக்கும்போது என்ன தின்ன?" என்று மாமியார் கேட்கும் கேள்விக்குப் பயந்தே நோயை மூடி மறைக்கும் தாய்மார்கள் உண்டு. 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அவர்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. 72 பேரின் மூளைப் பின்னல் திசுவைச் சோதித்ததில் 45 பேரிடம் கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. ஒப்பிட எடுத்த அவர்களது ரத்த மாதிரிகளில் அது இல்லவே இல்லை. அதாவது, பெரும்பாலோருக்கு அது தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. அந்தத் திசுவில் மட்டும் தானாக நேர்ந்த பிழை. பரம்பரையாக வரும் வகைகள் சில உண்டு. மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் வரும் குடும்பங்களில் மருத்துவர்கள் அதையும் விசாரிப்பார்கள். மற்றபடி கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் இதில் பங்கில்லை. கேராஸ் புற்றுநோய் உலகில் பழைய குற்றவாளி என்பதால், அதை அடக்கும் மருந்துகள் என்றாவது இங்கும் உதவுமா என்று ஆராய்ந்துவருகிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

பள்ளிக்கூடத்தையும் பேசியாக வேண்டும். "சின்ன மூளை, சீக்கிரம் தேறிடும்" என்ற ஆறுதல் பாதி உண்மை. கை கால் அசைவு பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் திரும்பும். கவனம், ஞாபகம், வேகமாக எழுதுவது போன்றவற்றில் விழுந்த அடி மெதுவாகத்தான் தெரியும். சில நேரம் ஆறாம் வகுப்புக் கணக்கில்தான் தெரியும். திருவல்லிக்கேணி படிப்புப் பெருமை பேசும் பேட்டை. வானியற்பியல் ஆய்வுக்காக நோபல் வாங்கிய சந்திரசேகர் இங்கே இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். ராமானுஜன் குடியிருந்த தெருவும் இங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் தேறி வந்த பிள்ளை மதிப்பெண் குறைந்தால் 'சோம்பேறி' என்ற பட்டம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உண்டு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? வேறு சில வீடுகளில் நேர்மாறு: ஓடாதே, ஆடாதே, பள்ளிக்கே போகாதே என்று பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லாதபோது பயம்தான் டாக்டர்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணப் பேச்சு தொடங்கும் வயதில் ஃபைல் காணாமல் போகும். முடி வளர்ந்து தழும்பையும் மறைத்துவிடும். ஒன்பது வயதில் கதிர்ச் சிகிச்சை பெற்ற சிறுமி இருபத்து நாலு வயதில் மாசமாகக் கோஷா ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னல் முழுதாக மூடியதா, மிச்சம் இருக்கிறதா என்று பிரசவம் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். ரத்த அழுத்தத்தை எப்படிக் கவனிப்பது, சுகப்பிரசவமா சிசேரியனா, எந்த மயக்க மருந்து என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் வாய் திறந்து சொல்ல மாட்டாள். பிக்மி எண்ணுக்குள் அந்தப் பழைய சிகிச்சை விவரம் மருத்துவர் மட்டும் பார்க்கும்படி இணைந்திருந்தால், கேட்க வேண்டிய தேவையே வராது.

2023 மார்ச்சில் பாஸ்டனில் ஒரு காரியம் நடந்தது. மூளையின் பெரிய சிரையில் இதே போன்ற கோளாறு இருந்த சிசுவுக்கு, தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே ஊசி வழியாக அடைப்புச் சிகிச்சை செய்தார்கள். உலகமே சாதனை என்று எழுதியது. அந்தச் சிகிச்சை ஒரு முறைப்படியான ஆய்வின் பகுதி என்பதும், அந்தக் குழந்தையைத் தொடர்ந்து கண்காணிப்பது அந்த ஆய்வின் நிபந்தனை என்பதும் தலைப்புக்கு எட்டவில்லை. எட்ட வேண்டியது அதுதான்.

நடைமுறைக்கு வருவோம். ஓமந்தூராரோ பொது மருத்துவமனையோ, எழும்பூரின் பங்கேற்போடு, ஏதாவது ஓரிடம் இந்தப் பிள்ளைகளுக்கான தலைமையிடம் என்று அரசாணை போட வேண்டும். வாரத்தில் ஒரு மதியம் மூன்று துறையினரும் காணொலியில் கூடினால் மதுரையும் கோவையும் நெல்லையும் அங்கிருந்தே தங்கள் படத்தைக் காட்டி முடிவு கேட்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. எந்த மருத்துவமனை பின்னலைக் கண்டுபிடித்தாலும், தனியார் உட்பட, பதிவேட்டில் ஏற்றுவதைக் காப்பீட்டுத் தொகை வாங்குவதற்கு நிபந்தனையாக்கிவிட்டால் யாரும் விட்டுவிட மாட்டார்கள். கதிர்ச் சிகிச்சைக்கான தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்றாம் ஆண்டு ஆஞ்சியோ எடுத்த பிறகுதான் மருத்துவமனைக்கு விடுவிப்பது என்று ஆக்கினால், பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் அக்கறை மருத்துவமனைக்கே வந்துவிடும். மருத்துவமனைகள் இதற்கு முனகும், முனகட்டும். காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கியது. அடுத்த ஒப்பந்தத்துக்குச் சிகிச்சைத் தொகுப்புகளின் பட்டியலைப் புதிதாக எழுத உட்காரும் அதிகாரிகள், குழந்தைகளின் ஏவிஎம்முக்கு எதிரே 'ஒரு முறை' என்பதை எடுத்துவிட்டு, 'கண்டறிந்த நாள் முதல் 25 வயது வரை' என்று எழுதலாம்.